தேரோட்டிக்கு முதல் காபி

வேங்கைநாடன் வீடு இதுதான அண்ணாச்சி? கதை எழுதுறவுக. ராசா ராணிக் கதை. ஊர்ல இல்லையா? எப்ப வருவாக? அதுவும் தெரியாதா. நீங்க அவுகளுக்கு என்ன வேணும்? கணக்கு வழக்குப் பாக்கிறவுகளா. சரி, யாரா இருந்தா என்ன, நான் பேச வந்ததப் பேசிட்டுத்தான் போவேன். கோவில்பட்டியில இருந்து ரயில்ல உக்காந்துக்கிட்டே வந்திருக்கேன், படுக்க இடம் கிடைக்கல. பத்திரிகை ஆபீஸ்ல போய் வீடு எங்கன்னு கேட்டா, எழுத்தாளர் முகவரியெல்லாம் தரமாட்டோம்னு ஒருத்தி மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. எதிர்த்த டீக்கடைக்காரர் ஒரு நொடியில சொல்லிட்டாரு. ஒரு செம்புத் தண்ணி குடுங்க மொதல்ல.

எம்பேரு ஆவுடைத்தாய். உங்க ஆளு எழுதுனதுல நான் படிக்காதது ஒண்ணு கிடையாது. வாராவாரம் பத்திரிகை வந்ததும் தொடரை மட்டும் கிழிச்சு எடுத்து, அரிசிப்பானைக்கு மேல பலகையில அடுக்கி வச்சு, முற்றும் போட்டதும் பைண்டிங் குடுத்துருவேன். மளிகைச் சாமான்ல மிச்சம் பிடிச்சுச் செஞ்சது. எங்க வீட்டுக்காரவுக பலசரக்குக் கடை வச்சிருக்காக, அதனால மிச்சம் பிடிக்கிறது லேசு. பித்துப் பிடிச்சவன்னு எங்க நாத்தனா சொல்லும். சொல்லிட்டுப் போகட்டும்.

எனக்கு என்ன ஆத்திரம்னா, அவுக கதைல எந்த இளவரசனாவது நேரா வந்து, நான்தான் இளவரசன்னு சொல்லியிருக்கானா? முத்து வியாபாரியா வருவான். வைத்தியனா வருவான். ஒரு கதைல ஊமையா வந்து கதை முடியிற மட்டும் வாயைத் திறக்கல. அந்த இளவரசிக்குக் கடைசியிலதான் தெரியும். எனக்கு மூணாவது வாரமே தெரிஞ்சு போயிரும். என் கண்ணுல இருந்து எந்த வேஷமும் தப்புனதில்ல அண்ணாச்சி. மூஞ்சியப் பாக்கக் கூடாது, கையப் பாக்கணும். இந்தா, உங்க வெரலுல மை ஒட்டியிருக்கு, நடுவெரலு காய்ச்சுப் போயிருக்கு. நாள் பூரா கணக்கு எழுதுற கை. நீங்க சொல்லவே வேண்டாம், நானே சொல்லிருப்பேன்.

சிரிக்காதீக. நான் சண்டை போட வந்திருக்கேன்.

எனக்கு ஒரே மக. செண்பகவல்லி, வீட்டுல செம்பகம். பாளையங்கோட்டையில ஆஸ்டல்ல தங்கி வாத்தியாருக்குப் படிச்சா. வெளி விவரம் ஒண்ணும் தெரியாத புள்ள. லீவுக்கு வந்திருந்தப்ப எங்க நாத்தனா ஒரு மாப்பிள்ளை கொண்டு வந்துச்சு. பேரு கைலாசம், அதே பாளையங்கோட்டைதான், கரண்டு ஆபீஸ்ல வேலை. நல்ல இடம். ஏட்டி உனக்குச் சம்மதமான்னு கேட்டேன். உங்க இஷ்டம்மான்னா. தலைய நிமித்திப் பாக்கல. அப்படி வளத்திருக்கேன்.

பொண்ணு பாக்க வாரதுக்கு முந்தின வாரம் பூரா அவதான் எனக்குத் தொணை. அதுவரைக்கும் என் பைண்டிங்கத் தொட்டதே இல்ல, தூசின்னு சொல்லுவா. அந்த வாரம் தானா எடுத்து, மத்தியானம் நான் உளுந்து புடைக்கிறப்ப பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டினா. எது தெரியுமா? 'கொற்கைத் தேரோட்டி'. உங்களுக்குத் தெரியாம இருக்காது. பாண்டியன் மகன் பொண்ணப் பாக்கத் தேரோட்டி வேஷத்துல வருவான், உண்மைத் தேரோட்டி பட்டுடுத்திக்கிட்டு தேருக்குள்ள உக்காந்திருப்பான். ராசாவும் மந்திரியும் தேருக்குள்ள இருக்கிறவனுக்கு விழுந்து விழுந்து உபசாரம் செய்வாக. ஆமா, பதினோராம் அத்தியாயம், அதேதான். கணக்குப் பாக்கிறவுகளுக்கே இவ்வளவு ஞாபகமா? அவுக குடுத்து வச்சவுக.

அதையே திரும்பத் திரும்ப வாசிச்சா. அப்புறம் ஒரு நாள் கேக்கா, ஏம்மா, இப்பவும் இப்படிச் செய்வாகளாம்மா, ஆஸ்டல்ல ஒரு புள்ள சொன்னா, திருநெல்வேலிப் பக்கம் பழைய ஜமீன் குடும்பத்துல இன்னைக்கும் மாப்பிள்ளைய டிரைவர் வேஷத்துல அனுப்பித்தான் பொண்ணு பாக்காகளாம், பொண்ணு வீட்டுக்காரக குணத்தச் சோதிக்கன்னு. கேட்டுட்டு என் மூஞ்சியவே பாத்தா. அறியாப் புள்ள, பயந்து போய்க் கேக்குதுன்னு எனக்குப் பாவமா இருந்துச்சு. வந்தா அம்மா கண்டுபிடிச்சிருவேன்டி, நீ கவலைப்படாதன்னேன்.

வந்தாக. வாடகை அம்பாசிடர் கார்ல வந்தாக. இங்கனதான் நீங்க கவனிக்கணும். எங்க தெரு சந்துக்குள்ள சந்து. புதுசா வாரவன் யாராயிருந்தாலும் பிள்ளையார் கோயில்ல நின்னு வழி கேட்டுத்தான் ஆகணும். அந்தக் காரு எங்கயும் நிக்கல. யாரையும் ஒரு வார்த்தை கேக்கல. நேரா எங்க வாசல்ல வந்து, சாக்கடைய ஒட்டாம, படிக்குப் பக்கத்துல அணைச்சு நின்னுச்சு. எனக்கு அப்பவே பொறி தட்டிருச்சு. கதைல இளவரசன் என்ன செய்வான்? முன்னாடியே மாறுவேஷத்துல வந்து நகரத்த நோட்டம் விட்டுட்டுப் போவான்ல?

கார்ல இருந்து இறங்கினது கைலாசம், அவுக அம்மா, தாய்மாமன் ஒருத்தரு. எங்க நாத்தனா முன்னால ஓடுது. டிரைவர் மட்டும் வெளிய நிக்கான். நான் அடுப்படிக்குப் போனா, செம்பகம் ஜன்னல் பக்கம் நின்னுக்கிட்டு, அம்மா, அந்த டிரைவர் நிக்கிறதப் பாரேன், டிரைவர் நிக்கிற மாதிரியா இருக்குன்னா. பாத்தேன். அவ்வளவுதான் அவ சொன்னது. மிச்சமெல்லாம் நானே கண்டுபிடிச்சது. அதுல யாருக்கும் பங்கு கிடையாது.

தேச்ச சட்டை. நெத்தியில சந்தனம். கைய ரெண்டையும் முன்னால கோத்துக்கிட்டு, எங்க வீட்ட ஏற இறங்கப் பாக்கான். பீடி இல்ல, வெத்தலை இல்ல. உள்ள கைலாசம்னு வந்தவன் பஜ்ஜிய எண்ணெய் வழிய வாயில திணிச்சுக்கிட்டு, சட்னி இன்னும் கொஞ்சம்ங்கான். இதுல எது ராசா, எது ஆளு? நீங்களே சொல்லுங்க.

இன்னும் கேளுங்க. கைலாசத்தோட அம்மா பேச்சுவாக்குல சொல்றாக, வழக்கமா வார டிரைவர் வரல, இந்தப் பையன்தான் நானே வாரேன்னு கேட்டு வாங்கிக்கிட்டு வந்தான்னு. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. அவுக வாயாலயே சொல்லிட்டாகளேன்னு.

நேரா வாசலுக்குப் போனேன். தம்பி, வெயில்ல ஏன் நிக்கீக, உள்ள வாங்கன்னேன். இருக்கட்டும்மா, நான் இங்கனயே இருக்கேன்னான். அந்த அடக்கத்தப் பாருங்க. கையப் பிடிக்காத குறையா கூட்டி வந்து, எங்க வீட்டுக்காரவுக உக்காருற நாற்காலியில உக்கார வச்சேன். எங்க வீட்டுக்காரவுகளுக்கு மூஞ்சியில ஈ ஆடல. டிரைவருக்குக் காபி கார்லயே குடுத்து அனுப்புறதுதான வழக்கம், இவளுக்கு என்ன வந்துச்சுன்னு அவுக கண்ணாலயே கேக்காக. நான் கண்டுக்கிடல. அவுக கதை படிக்க மாட்டாக, அவுகளுக்கு என்ன தெரியும்?

பேரு என்ன தம்பின்னு கேட்டேன். தளவாய்னு சொன்னான். எங்க பக்கம் தெருவுக்கு ஒரு தளவாய் இருக்கான், இல்லைங்கல. ஆனா அவன் சொன்ன விதம் வேற.

செம்பகம் தட்டோட வந்தா. மொதல் காபி மாப்பிள்ளைக்குத்தான் போகணும், அதுதான் முறை. நான் கண்ணக் காட்டினேன். மறு பேச்சு இல்லாம நேரா தளவாய்கிட்டப் போய் நின்னுட்டா. என் சொல்லைத் தட்டாத புள்ள அண்ணாச்சி அவ. அவன் எடுத்து ஒரு வாய் குடிச்சான். அப்பத்தான் எனக்கு நெனப்பு வருது, மத்த டம்ளருக்கெல்லாம் நான்தான் சீனி போட்டேன், அந்த ஒரு டம்ளர மட்டும் அவ தனியா ஒதுக்கி வச்சிருந்தா, அதுல போடல. பதறிப்போய் சீனி டப்பாவத் தூக்கிக்கிட்டு ஓடினேன். அவன் சிரிச்சுக்கிட்டே, வேண்டாம்மா, நான் சீனி போட்டுக் குடிக்கிறதில்லன்னான். இப்படி ஒரு பொருத்தம் எங்கயாவது பாத்திருக்கீகளா? தெய்வமே பாத்து எடுத்து வச்ச மாதிரி.

ஏன் அப்படிப் பாக்கீக? சொல்ல வாரத முழுசாக் கேளுங்க.

அதுக்கு மேல என்னால பொறுக்க முடியல. எல்லாரையும் வச்சுக்கிட்டுக் கேட்டேன். தம்பி, ஒளிச்சது போதும். எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு. எங்க புள்ளையப் பத்தி உங்க அபிப்பிராயத்தச் சொல்லுங்கன்னு கேட்டேன்.

அவனுக்கு வேர்த்து ஊத்துது. டம்ளரக் கீழ வச்சான். எந்திரிச்சு நின்னான். செம்பகத்த ஒரு பார்வை பாத்தான், அவ தலைய நிமித்தி அவனப் பாத்தா. அப்புறம் சொன்னான், எனக்குச் சம்மதம்ங்கம்மா, முழுச் சம்மதம்னு.

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு. அந்த நேரத்துல இந்தக் கைலாசம் எந்திரிச்சு, அப்ப நான் யாருங்கான். நான் என்ன சொல்லுவேன்? நீங்க நடிச்சது போதும் தம்பி, பஜ்ஜியத் தின்னுட்டுப் போய் வண்டியத் துடைங்கன்னு சொல்லிட்டேன்.

அப்புறம் நடந்தத என் வாயால சொல்லணுமா? அந்தம்மா சேலைய இழுத்துச் சொருகிக்கிட்டு எங்க பரம்பரையவே இழுத்துச்சு. தாய்மாமன் தளவாய் சட்டையப் பிடிச்சாரு. எங்க நாத்தனா தலையில அடிச்சுக்கிட்டு அழுது. அந்தக் கார்ல இனிமே ஏறமாட்டோம்னு மூணு பேரும் அந்த வெயில்ல பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாக. காரு மட்டும் எங்க வாசல்ல நிக்குது. எங்க வீட்டுக்காரவுக வெளக்கமாத்த எடுத்ததும்தான் தளவாய் வண்டிய எடுத்தான். செம்பகம் அடுப்படியில தரையில உக்காந்துருந்தா. அழுதாளா சிரிச்சாளான்னு தெரியல, தோள் மட்டும் குலுங்குச்சு. பாவம், அவ்வளவு பேருக்கு முன்னால அவமானம்ல? நான்தான் தடவிக் குடுத்தேன்.

மறுநாள்ல இருந்து என் பைண்டிங்கெல்லாம் வெந்நீர் அடுப்புக்குப் போச்சு. எங்க வீட்டுக்காரவுக தன் கையாலயே ஒவ்வொண்ணாப் பிச்சுப் பிச்சுப் போட்டாக. 'கொற்கைத் தேரோட்டி'யிலதான் ஆரம்பிச்சாக. ஒரு வார்த்தை திட்டல, அதுதான் எனக்குப் பொறுக்கல. வெந்நீர் தயாரா இருக்கு, குளிக்கப் போன்னு சொல்லுவாக. நான் பச்சத் தண்ணியிலதான் குளிச்சேன், அவ்வளவும் எரிஞ்சு முடியிற மட்டும்.

அதோட போயிருந்தாலும் பரவாயில்ல. லீவு முடிஞ்சு ஆஸ்டலுக்குப் போன புள்ள, பரிச்சை எழுதி முடிச்ச கையோட திருச்செந்தூர்ல அந்தத் தளவாய்கிட்டத் தாலி கட்டிக்கிட்டா. எங்க யாருக்கும் சொல்லல. அங்கிருந்து நேரா மெட்ராசுக்கு வந்துட்டாக. அவன் இங்க டாக்சி ஓட்டுறான். எங்க வீட்டுக்காரவுக, எனக்கு மகளே கிடையாதுன்னு சொல்லித் தலைமுழுகிட்டாக.

இப்ப சொல்லுங்க, இது யார் செஞ்ச வேலை? மண்ணப் பாத்து நடந்த புள்ள. மாப்பிள்ளைன்னு எவனைக் காட்டியிருந்தாலும் கழுத்த நீட்டியிருப்பா. நான்தான் ஒருத்தனக் கூட்டியாந்து, இவன்தான்டி உன் இளவரசன்னு நடுவீட்டுல உக்கார வச்சு, அவ கையால காபி குடுக்க வச்சேன். அவ மனசுல ஆசைய ஊண்டினதே நான்தான். அந்தச் சமயத்துல ஒரு பார்வை பாத்தாளே, அதுல விழுந்துட்டா புள்ள. நான் ஊண்டினேன், எனக்கு ஊண்டினது உங்க ஆளு. அவுகதான் பொறுப்பு.

என்ன கேக்கீக? முன்னாடியே பழக்கமா இருக்குமோன்னா? நல்லாக் கேட்டீக. நீங்க எம்புள்ளையப் பாத்திருக்கீகளா? ஆஸ்டல் வாசல்ல டாக்சி ஸ்டாண்டு இருக்குன்னா அதுக்கு அவ என்ன செய்வா? பாளையங்கோட்டையில எத்தனையோ டாக்சி. சீனி விஷயமா? அதுதான் தெய்வச் செயல்னு சொன்னேனே. வழியா? அதுதான் நோட்டம் விட்டுட்டுப் போயிருக்கான்னு சொன்னேனே. ஒவ்வொண்ணையும் பிடிச்சுப் பிடிச்சுக் கேக்காதீக. எம்புள்ளைக்கு ஒளிச்சு மறைச்சுப் பேச வராது. வந்திருந்தா எனக்குத் தெரியாமலா போகும்? மூணாவது வாரமே கண்டுபிடிக்கிறவ நான்.

தளவாயப் பத்தி விசாரிச்சேன். அவுக அப்பா மேலப்பாளையம் போற ரோட்டுல சைக்கிள் பஞ்சர் ஒட்டுறாராம். இருக்கட்டும். ஜமீனெல்லாம் அழிஞ்சு எப்படி எப்படியோ ஆயிட்டாக. பஞ்சர் ஒட்டினா ஜமீன் வம்சமா இருக்கக் கூடாதா? ஏன், இருக்கக் கூடாதான்னு கேக்கேன்.

சரி, அத விடுங்க. நான் வந்தது அதுக்கில்ல.

போன வாரம் பக்கத்து வீட்டு போனுக்குப் பேசினா. எப்படி இருக்கம்மான்னா. நல்லா இருக்கேன்னேன். அப்பா எப்படி இருக்காகன்னா. நல்லா இருக்காகன்னேன். பக்கத்து வீட்டுக்காரி பக்கத்துலயே நின்னு வாயப் பாக்கா. வைக்கப் போற நேரத்துல சொல்றா, ஏழு மாசம்மா, வெயில் தாங்கலன்னு. கூட்டிட்டுப் போன்னு கேக்கல. ஏழு மாசம், வெயில் தாங்கலன்னு மட்டும் சொன்னா.

மொதப் பிரசவம் தாய் வீட்டுல பாக்கணும் அண்ணாச்சி. வளைகாப்புப் போட்டு, பிடிச்சத ஆக்கிப் போட்டு, கூட்டிட்டு வரணும். எங்க வீட்டுக்காரவுககிட்டச் சொன்னேன். யாருக்குன்னு கேட்டாக. அதுக்கு மேல அவுககிட்ட என்ன பேச? விருதுநகர்ல சொந்தக்காரப் பிள்ளைக்குக் காதுகுத்துன்னு பொய் சொல்லிட்டு ரயில் ஏறிட்டேன். இந்தப் பையில கண்ணாடி வளையல் இருக்கு, அதிரசம் இருக்கு. அவ வீடு சைதாப்பேட்டையில. இங்க இருந்து ஒரே பஸ்ஸாம். காலையில எட்டு மணிக்கே எக்மோர்ல வந்து இறங்கிட்டேன். நேரா அங்க போயிருக்கலாம். போகல. முதல்ல இங்கன ஒரு சண்டை போட்டுட்டுப் போவோம்னு வந்தேன்.

அவுக கதை எல்லாத்தையும் மனசுக்குள்ள ஓட்டிப் பாத்தேன், வார வழி பூரா. ரயில்ல வேற என்ன வேலை? தாயும் மகளும் எப்படிச் சேர்ந்துக்கிட்டாகன்னு ஒரு இடத்துலயாவது எழுதியிருப்பாகளான்னு பாத்தேன். ஒண்ணுல கூட இல்ல. ஏன் தெரியுமா? அந்தக் கதைகள்ல எந்த இளவரசிக்கும் அம்மா கிடையாது. எல்லாரும் பெத்துப் போட்டதும் செத்துப் போயிருவாக. அப்பா இருப்பாரு, தோழி இருப்பா, கிளி கூட இருக்கும். அம்மா இருக்க மாட்டா. இத்தனை வருஷம் ராவும் பகலும் படிச்சிருக்கேன், இது என் மண்டையில உரைக்கல. இளவரசி குதிரையில ஏறி அவன் கூடப் போயிருவா. கடைசி வாரத்துல அப்பன் ராசா மன்னிச்சு, பட்டாபிஷேகம். முற்றும். ஏழாம் மாசம் யாரு போய்ப் பாத்தா? அவ பிரசவத்துக்கு யாரு வெந்நீர் வச்சா? அந்தாளு அதப் பத்தி ஒரு வரி எழுதினாரா?

இருந்திருந்தா நானும் படிச்சிருப்பேன்ல. படிச்சிருந்தா இன்னைக்கு எனக்குத் தெரிஞ்சிருக்கும்ல.

அதனால நான் கேக்கிறது பெருசில்ல. அவுக வந்து, ஒரு அம்மா போய்க் கதவைத் தட்டுறா, மக வயித்தத் தள்ளிக்கிட்டு வந்து திறக்கா, அந்த நேரத்துல அந்தம்மா வாயில இருந்து வார வார்த்தை நாலே நாலு எழுதித் தரட்டும். தெரியாம உன்னை இதுல இழுத்து விட்டுட்டேன்டி, அம்மாவ மன்னிச்சுருன்னு சொல்லலாம்னு இருக்கேன். அது சரியா இருக்குமான்னு பாத்துச் சொல்லணும். நான் சொன்னா அழுகைதான் வரும், பேச்சு வராது. கோவத்துல எதையாவது சொல்லிப்புடுவேன், அவ கதவச் சாத்திக்கிடுவா. அப்புறம் நான் எங்க போக?

அவுக இன்னைக்கு வர மாட்டாகளா? நாளைக்கு? எனக்கு நாளைக்கெல்லாம் ஆகாது. சாயங்கால ரயிலுக்குள்ள போய் அவளப் பாத்தாகணும், இல்லேன்னா காதுகுத்து எத்தனை நாளுன்னு கேப்பாக.

சரி, அவுகதான் இல்ல. இத்தனை வருஷமா கூட இருந்திருக்கீக, அவுக கதை உங்களுக்கு அத்தியாயம் முதக்கொண்டு தெரியுது. நீங்களாவது சொல்லுங்க. உங்களுக்கும் பொம்பளப் பிள்ளை இருக்கும்ல. இல்லையா? சரி, இல்லாட்டாலும் சொல்லுங்க. அவ கதவத் திறக்கா. நான் வாசல்ல நிக்கேன். என்ன சொல்லணும்?

பேனாவ எடுத்தீக, ஏன் அண்ணாச்சி மூடி வைக்கீக? ரெண்டு வார்த்தை போதும். என்ன, அந்த ஊமை இளவரசன் மாதிரி வாயே திறக்க மாட்டேங்கீக.